ரதிதேவியின் சாம்பலும் வீரையாவின் டை பின்னும்

மவுண்ட் ஆல்பர்ட்,
ஆக்லாந்து.
ஓகஸ்ட் 1999

பெருமதிப்புக்குரிய மகேசன் அத்தான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ரதிதேவியின் கணவன் தியாகலிங்கம் கைகூப்பி எழுதிக்கொள்வது. கொழும்பில் நீங்களும் குணவதி அக்காவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று உங்கள் வெள்ளவத்தைப் பிள்ளையாரை இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன். எங்கள் சுகத்தைக் கேட்டால், மூட்டு வலியையும் இந்த ஊர் மழையையும் விட்டால் முறைப்பாடு ஒன்றும் இல்லை. இருக்கிற முறைப்பாடெல்லாம் மனிதர்கள் மேல்தான்.

போன கிழமை டெலிபோனில் நீங்கள் கேட்டதை நான் மறக்கவில்லை. “ரதியின்ர சாம்பலில எனக்கும் ஒரு பங்கு அனுப்பும். சண்டையால கீரிமலைக்குப் போகத்தான் வழியில்லை, இஞ்ச முகத்துவாரக் கடலிலயாவது நான் என்ர கையால கரைக்கவேணும்” என்றீர்கள். நான் “ஹலோ, ஹலோ, விளங்கேல்லை” என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது அத்தான். எனக்குத்தான் வாய் வரவில்லை. தருவதா இல்லையா என்ற பதிலை இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கவேண்டாம். நான் பட்டதைத் தெரிந்துகொள்ளாமல் பதிலை மட்டும் தெரிந்துகொள்வது நியாயம் இல்லை.

ரதி ஆனியில் கண்ணை மூடினாள். இங்கே தகனம் செய்கிறவர்கள் சாம்பலை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, பெயர் ஒட்டித் தருவார்கள். ஐஸ்கிரீம் பெட்டியைக் கொஞ்சம் உயரமாக்கினால் அதுதான். பெயரிலும் எழுத்துப் பிழை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று ஐயர் ஒரு பிடியைக் கடலில் கரைப்பித்தார். மிச்சத்தையும் கரைக்கத்தான் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. மகள் பிரணவிக்கும் வரவில்லை. அவள் இங்கே ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள், அழும்போது மட்டும் தமிழில் அழுவாள். பெட்டியைச் சாமியறையில் வைக்கக்கூடாது என்று ஐயர் சொன்னார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் நான் அதோடு கதைத்துக்கொண்டே இருப்பேன் என்று மகள் சொன்னாள். கடைசியில் அது டிவிக்குப் பக்கத்தில் குடியேறியது. உயிரோடு இருந்த காலத்தில் அவள் டிவிக்கு அவ்வளவு கிட்ட இருந்திருந்தால், கண் கெட்டுப்போகும் என்று நான் பேசியிருப்பேன்.

பெட்டி வந்த நாளிலிருந்து பங்கு கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவள் கிளாரா. ரதியோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தவள், மலேசியாக்காரி, வேதக்காரப் பிள்ளை. கையில் ஒரு ரோசாக் கன்றோடு வந்து வாசலில் நின்றாள். “அங்கிள், ஒரே ஒரு ஸ்பூன் கொடுங்க அங்கிள். இந்தச் செடிக்கு அடியில போடுறேன். ரதி ஆன்ட்டி பூவா வருவாங்க” என்றாள். இவ்வளவு காலம் எனக்குச் சோறு போட்டவள் இனிமேல் கிளாரா வீட்டில் பூப் பூப்பதோ? அதை நான் பஸ்ஸில் போகும்போது வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோ? சாம்பல் இன்னும் ஆறவில்லை, சுடும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தகனம் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல். அந்தப் பிள்ளை கன்றைத் தூக்கிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பிரணவி என்னைக் காரில் ஏற்றி, தகனத்தை நடத்தித் தந்த மலர்ச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மாவைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்திருக்கக்கூடாது, நல்ல கலசம் ஒன்று தெரிவு செய்யவேண்டும் என்றாள். நான் ஒரு செம்பு, ஒரு மூடி, ஒரு துண்டுச் சிவப்புத் துணி என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் அது நகைக்கடை. கண்ணாடி அலுமாரி முழுக்க விளக்கு. ஒவ்வொரு தட்டிலும் கலசங்கள், பளிங்கில், பித்தளையில், வெள்ளியில், மரத்தில். ரக்பிப் பந்து வடிவத்தில் ஒன்று. கலங்கரை விளக்கம் வடிவத்தில் ஒன்று. மரத்தில் செதுக்கின தாரா வாத்து ஒன்று. தாரா வேட்டைக்குப் போகிறவர்கள் விரும்பி வாங்குவார்களாம். வாழ்நாளெல்லாம் தாராவைச் சுட்டவன் கடைசியில் தாராவின் வயிற்றுக்குள் போவது ஒரு வகையில் சரிதான் என்று நினைத்தேன். இன்னொன்றில் மணிக்கூடு பதித்திருந்தது. நேரம் பார்க்கும்போதெல்லாம் அம்மாவை நினைக்கலாம் என்றாள் பிரணவி. கொம்மா உயிரோடு இருக்கும்போதே நேரம் பிந்தினதுக்கு நான் கேட்ட பேச்சுப் போதும், இனி மணிக்கூட்டுக்குள் இருந்தும் கேட்கவேண்டுமோ என்றேன்.

அங்கே இருந்தவர் ஒரு வெள்ளைக்காரர், கோட்டு சூட்டு, இழவு வீட்டுக்கென்றே செய்துவைத்தது போல மெல்லிய குரல். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, ஒரு பெரிய பித்தளைக் கலசத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். உள்ளே நடுவில் ஒரு தட்டி. “இது கணவன் மனைவிக்கானது சேர். மனைவி இந்தப் பக்கம். அந்தப் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கும். அவசரம் ஒன்றும் இல்லை” என்றார். அத்தான், யாழ்ப்பாணத்து பஸ்ஸில் சீற்றில் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்போமே, அப்படி ஒரு சந்தோசம் எனக்கு. அவளுக்குப் பக்கத்து இடம் எனக்கென்று பிடித்தாயிற்று. வேறு ஒருவரும் வந்து குந்த முடியாது. மூடியைத் திருகிப் பார்த்தேன், நல்ல இறுக்கம். ஸ்பூனோடு வருகிறவர்களால் லேசில் திறக்கவும் முடியாது.

“இதுதான்” என்றேன்.

“அப்பா, இட்ஸ் ஹியூஜ்!” என்றாள் மகள்.

“கொம்மாவும் நானும் இருக்கப்போற வீடு. பெரிசாத்தான் இருக்கவேணும்.”

அதோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீளாது. அந்த மனுசர் ஒரு வெல்வெட் தட்டை இழுத்தார். உள்ளே சின்னச் சின்னப் பதக்கங்கள், இதயம், கண்ணீர்த் துளி, வண்ணத்துப்பூச்சி. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்னத் திருகாணி. அதைக் கழற்றி ஒரு சிட்டிகை சாம்பலை உள்ளே போட்டு மூடினால், செத்தவரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரியலாம். பிரணவி இதயத்தை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. எனக்கோ வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இவள் போகிற இடமெல்லாம் ரதியும் போவாள். வேலைக்குப் போவாள், கலியாண வீடுகளுக்குப் போவாள், சிநேகிதிகளோடு பனிமலை பார்க்கப் போவாள். நான் இங்கே டிவிக்கு முன்னால் அரைவாசி காலியான பித்தளைக் கலசத்தோடு இருப்பேன்.

அந்த எரிச்சலில் “ஆம்பிளையளுக்கு ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டுவிட்டேன். பிரணவி அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

“ஏன் இல்லை? டை பின் இருக்கிறது. மிஸ்டர் வீரையாவுக்குச் செய்துகொண்டிருப்பதும் அந்த மாதிரிதான். வேலைப்பாடு இல்லாத தங்கம். நல்ல தெரிவு” என்றார் அந்த மனுசர்.

“எந்த வீரையா?”

பிரணவி வெல்வெட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். “அப்பா, ப்ளீஸ். நொட் ஹியர்” என்றாள்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியபிறகுதான் வாயைத் திறந்தாள். வீரையா அங்கிள் வந்து கேட்டாராம், அவள் சரியென்று சொன்னாளாம். “ஹி வாஸ் ஹெர் ஃபிரெண்ட், அப்பா. ஹி ஆஸ்க்ட் சோ நைஸ்லி.”

“நல்ல விதமாக் கேட்டால் கொம்மாவைத் தூக்கிக் குடுக்கிறதோ? நாளைக்கு நல்ல விதமா வந்து என்னையும் கேட்டால்?”

“நோபடி வில் ஆஸ்க் ஃபோர் யூ, அப்பா” என்றாள். சொன்னபிறகு அவளுக்கே சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எனக்கு இரண்டும் வரவில்லை.

வீரையா யாரென்று சொல்லவேண்டும். மலேசியாவில், ஈப்போவில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இங்கே பிளாக்ஹவுஸ் பேயில் தனியாக இருக்கிறார். பெண்சாதி பங்கஜம் போய்ச் சில வருடம். வயது எழுபதைத் தாண்டியும் தலை நிறைய மயிர், அதுவும் சுருள். பல் எல்லாம் சொந்தம். விபரம் முழுமையாக இருக்கவேண்டும் என்பதற்காக மட்டும்தான் இதைச் சொல்கிறேன். நம்முடைய முதியோர் சங்கத்தில் காலை நடை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கோடையில் பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் ஒரு பெரிய கூட்டமே நடந்தது. குளிர் தொடங்க ஒவ்வொருவராகக் கழன்றார்கள். நான் முதல் நாளே கழன்றவன். கடைசியில் மிஞ்சினது இரண்டு பேர், ரதியும் வீரையாவும். அவர் தன்னுடைய சின்னக் காரில் வந்து வாசலில் நிற்பார். “நீங்களும் வாருங்கோவன், காத்து நல்லது” என்று ரதி கூப்பிடுவாள். நான் போர்வைக்குள் இருந்துகொண்டு, “நீ போய் என்ர பங்குக் காத்தையும் வாங்கிக்கொண்டு வா” என்பேன். அவள் திரும்பி வரும்போது கன்னம் சிவந்திருக்கும். குளிர் என்று நினைத்தேன்.

அந்தச் சனி, ஞாயிறு, திங்கள் எனக்கு வேறு யோசனையே இல்லை. என் மனைவி, வேறு ஒருவருடைய டையில்! அவர் சாப்பிடக் குனிந்தால் ரதி ரசத்துக்குள் தோய்வாள். அவருக்குக் கலியாண வீட்டுக்கு அழைப்பு வரும், ரதியும் போவாள், எனக்கு அழைப்பு இராது. கூட்டத்தில் யாராவது ‘நல்ல பின்’ என்று தொட்டுப் பார்ப்பார்கள். பிரணவியிடம் சொன்னால் ‘அப்பா, ஸ்டொப்’ என்கிறாள். பெட்டியிடம் கேட்டேன், “என்ன நடந்தது எண்டு நீயாவது சொல்லன்” என்று. நல்லவேளை மகள் வேலைக்குப் போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை நான் கோட்டுப் போட்டு, டை கட்டி, சப்பாத்தைத் துடைத்து, டை கட்டத் தெரிந்தவன் அவர் மட்டும் இல்லை என்று காட்டுவதற்காகவே புறப்பட்டேன். மகள் கொண்டுபோய் விடமாட்டேன் என்றுவிட்டாள், ஆகவே பஸ். முதல் பஸ் சரியான பஸ், ஆனால் நான் பிழையான பக்கத்தில் நின்று ஏறியிருக்கிறேன். நகரத்துக்குள் போய் இறங்கித் திரும்பி வந்து, இரண்டாவது பஸ்ஸில் நித்திரையாகி ஒரு தரிப்பைத் தாண்டிப்போய், இறங்கினால் மழை. குடையை விரித்தேன். கடற்காற்று வந்து குடையைக் கிண்ணம் போலத் திருப்பிவிட்டது. அதை நிமிர்த்தப் போக ஒரு கம்பி கழன்று என் டைக்குள் மாட்டிக்கொண்டது. அப்படியே குடையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி மேடு ஏறி வீரையாவின் கதவைத் தட்டினேன். நான் வழி நெடுகிலும் மனப்பாடம் செய்துகொண்டு வந்த முதல் வசனம் என்னவென்றால், “ஐயா, நீங்கள் ஒரு கண்ணியமான மனிதரா?” என்பது.

கதவு திறந்தது.

“அடடே, லிங்கம் ஐயா! என்னா இது, கோழிக்குஞ்சு மாதிரி நனைஞ்சு வந்து நிக்கிறீங்க? கழுத்துல என்னா குடையா? மொதல்ல உள்ள வாங்க, பேச்செல்லாம் அப்புறம்.”

முதல் வசனம் போய்விட்டது. அவர் குடையை என் கழுத்திலிருந்து பக்குவமாகக் கழற்றினார். துவாய் தந்தார். உடுப்பெல்லாம் பிழிய வேண்டிய நிலை, ஆகவே தன்னுடைய சாரத்தையும் மகனுடைய பழைய ரக்பி ஜேர்சியையும் தந்தார். ஒரு பெரிய கோப்பையில் மைலோ ஊற்றித் தந்தார். நான் அந்தச் சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, பெருத்த ஜேர்சிக்குள் கை எங்கே இருக்கிறதென்று தேடி எடுத்து, மைலோவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒருவருடைய சாரத்தைக் கட்டிக்கொண்டு அவரையே மரியாதை குறைத்து ‘நீர்’ என்று கூப்பிடுவது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். ஆனாலும் கூப்பிட்டேன்.

“நீர் என்ர மனுசியை டையில குத்திக்கொண்டு திரியப்போறீரோ?”

அவர் பிஸ்கட் டின்னைத் திறந்துகொண்டிருந்தார். அதைக் கீழே வைத்தார். “தப்பா நெனைக்காதீங்க ஐயா. உங்களக் கேக்காம பாப்பாகிட்ட கேட்டது என் தப்புதான். இப்பவே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுறேன்” என்று எழுந்தார்.

சண்டை பிடிக்க வந்தவனுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் யாரும் செய்யமுடியாது. எனக்குக் காலின் கீழ் இருந்த தரையையே இழுத்தது போல இருந்தது.

“வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. ஏன் கேட்டனீர் எண்டுதான் கேக்கிறன்.”

அவர் திரும்ப உட்கார்ந்தார். “பங்கஜம் போனப்புறம் இந்த வீட்டுல தமிழ்ச் சத்தமே இல்ல ஐயா. மகன் வாரத்துக்கு ஒரு தடவ வர்றான். ‘யூ ஓகே, டாட்?’ம்பான். ‘ஓகே’ம்பேன். அவ்ளோதான் பேச்சு. நடக்கப் போன எடத்துல உங்க வீட்டம்மா பேச ஆரம்பிச்சாங்க. கடற்கரை இந்த மூலைல தொடங்கினா அந்த மூலை வரைக்கும் நிறுத்த மாட்டாங்க. நான் ஒண்ணும் சொல்ல வேணாம், கேட்டாப் போதும். நெசம் சொல்லணும்னா உங்க ஊருத் தமிழ்ல எனக்குப் பாதி புரியாது. ஆனா காதுக்கு அவ்ளோ நல்லா இருக்கும். நான் டை கட்டியே பல வருஷம் ஆச்சு ஐயா. பெட்டிக்குள்ளதான் வச்சிருப்பேன். எப்பவாச்சும் தொறந்து பாத்துக்கலாம்னு தோணுச்சு.”

“அப்பிடி என்ன கதைச்சவ?”

“எல்லாம் உங்களப் பத்தித்தான்.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்க பிஸ்கட்ட அரிசி வாளிக்குப் பின்னாடி ஒளிச்சு வைப்பீங்களாமே? குளிக்கும்போது தேவாரம் பாடுவீங்க, மொத வரியத் தாண்டி இதுவரைக்கும் போனதில்லையாமே? பல்செட்டப் பூப்போட்ட கப்புல ஊற வச்சு, தெரியாம அந்தக் கப்புலயே விருந்தாளிக்கு டீ ஊத்திட்டீங்களாமே?” என்று சொல்லிச் சொல்லி அந்த மனுசர் சிரிக்கிறார். சிரிக்கும்போது அவருடைய சொந்தப் பல் எல்லாம் தெரிகிறது.

அத்தான், என் மானம் பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் காலைக் காலையில் காற்று வாங்கியிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. என்னோடு இருந்தபோது ரதி இவ்வளவு கதைத்ததே இல்லை. ‘சாப்பாடு போடட்டோ’, ‘குளிசை போட்டாச்சோ’, ‘லைட்டை நூருங்கோ’, இவ்வளவுதான் எங்கள் வீட்டில். மிச்சக் கதை எல்லாம் இந்த ஆளிடம் இருக்கிறது. நான் சாம்பலுக்குக் காவல் இருக்கிறேன், இவர் அவளுடைய குரலையே வைத்துக்கொண்டு மைலோ குடிக்கிறார். எனக்கு அந்த நேரம் வந்த பொறாமையை எழுத இந்தப் பேனைக்குப் பலம் இல்லை. எழும்பிப் போய்விடலாம் என்றால் என் களிசான் அவருடைய ஹீட்டருக்கு முன்னால் காய்கிறது.

அப்போதுதான் அவர் சொன்னார்: “ஆனா ஐயா, உங்கள எப்படிச் சொல்வாங்க தெரியுமா? ‘எங்கண்ணு, எங்கண்ணு’ன்னுதான் சொல்வாங்க. புருஷன இப்படிக் கொஞ்சிச் சொல்ற பொம்பளைய நான் பாத்ததே இல்ல.”

“ஆரை?”

“உங்களத்தான்.”

என்னை அவள் வாழ்நாள் முழுக்க ‘இஞ்சேருங்கோ’ என்றுதான் கூப்பிட்டாள். மற்றவர்களிடம் சொல்லும்போது ‘உந்த மனுசன்’. கண் என்று சொன்னதில்லை, மூக்கு என்றும் சொன்னதில்லை. வீரையா தொடர்ந்தார்.

“ஒரு கதைய மட்டும் அடிக்கடி சொல்வாங்க. கலவர நேரத்துல, கொழும்புல, ஒரு ஸ்கூல்ல அகதியா இருந்தாங்களாம்ல. எல்லாரும் சோத்துக்கு வரிசைல நிக்கிறாங்க. இவங்களுக்குத் தலையெல்லாம் சிக்கு, புகை நாத்தம். அவமானமா இருக்கு, மூலைல உக்காந்து அழுறாங்க. அவங்க கண்ணு பாத்தாராம். வரிசைய விட்டுட்டு வெளிய போயிட்டாராம். வெளிய அடிக்கிறாங்க, கொளுத்துறாங்க. போனவரு திரும்பி வந்து கையில ஒரு சீப்பக் கொடுத்தாராம். ‘நான் கேக்கவே இல்லை, அவராப் பாத்தார், போனார், கொண்டுவந்தார்’ம்பாங்க. எந்தக் கதைக்கும் நடைய நிறுத்த மாட்டாங்க ஐயா. இதுக்கு மட்டும் நின்னுடுவாங்க.”

அந்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது நான் மன்னாரில் நில அளவை வேலையில் இருந்தது உங்களுக்குத் தெரியும். நான் அந்தப் பள்ளிக்கூட முகாமுக்கு வந்து சேரும்போது ரோட்டெல்லாம் அடங்கிவிட்டது. சீப்பு வாங்கிக் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் வயது போனால் நாங்கள் செய்த நல்ல காரியங்கள்தான் முதலில் மறந்துபோகும். ரதி பொய் சொல்லுகிற ஆள் இல்லை. அவள் சொன்னால் நான் செய்திருப்பேன். வந்து சேர்ந்த அன்றைக்கே செய்திருப்பேன், ரோட்டில் ஏதாவது மிச்சமாக எரிந்துகொண்டு இருந்திருக்கும். அங்கேயே, அந்த ஜேர்சியின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அந்தியேட்டிக்கும் அப்படி அழவில்லை. வீரையா எழுந்து போய் இன்னொரு கோப்பை மைலோ போட்டார். அவர் ஏன் அவ்வளவு நேரம் எடுத்தார் என்றால், அவரும் அங்கே நின்று அழுதிருக்கிறார்.

அவரே என்னைக் காரில் கொண்டுவந்து விட்டார். டை பின்னை அவரே வைத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பிரணவியிடம், “இதயத்தை வாங்கு, வண்ணத்துப்பூச்சி பிடிச்சால் அதையும் வாங்கு” என்றேன். கிளாராவுக்கு நானே டெலிபோன் எடுத்து, சாம்பல் இப்போது நன்றாக ஆறிவிட்டது, ஸ்பூனோடு வரலாம் என்று சொன்னேன். கண் என்று கூப்பிடப்பட்டவன் கை சுருங்கக்கூடாது அல்லவா? இல்லாதவன்தான் பங்குக்கு அடிபடுவான். எனக்கு என்ன குறை?

ஆகவே அத்தான், உங்கள் பங்கு பற்றிய என் பதில் இது: தருகிறேன். மனம் நிறைந்து தருகிறேன். பிரணவியின் சிநேகிதி ஒருத்தி அடுத்த மாதம் கொழும்புக்கு வருகிறாள். மலர்ச்சாலை அலுமாரியில் நான் பார்த்துவைத்த, மயில் வேலைப்பாடு உள்ள சின்ன வெள்ளிக் கலசத்தில் போட்டுக் கொடுத்தனுப்புகிறேன். முகத்துவாரத்தில் கரைக்கும்போது, “ரதியின் கண் தந்தது” என்று ஒருதரம் சொல்லிக் கரையுங்கள். கலசத்தை அக்கா பூச்சாடியாக வைத்துக்கொள்ளலாம்.

குணவதி அக்காவின் முழங்கால் நோ குறைந்து அவ மாடிப்படி ஏறவேண்டும் என்றும், உங்களுக்கு நல்ல நித்திரை கிடைக்கவேண்டும் என்றும், இருவரும் நீடு வாழவேண்டும் என்றும் மனதாரப் பிரார்த்திக்கும்,

உங்கள் தங்கையின் கண்ணாகிய,
தியாகலிங்கம்.

பின்குறிப்பு:

உறையை ஒட்டின பிறகு கத்தரிக்கோலால் வெட்டித் திறந்து இதை எழுதுகிறேன். கிழிசலுக்கு மன்னிக்கவும்.

இன்று காலை நான் போர்வையை உதறிவிட்டு வீரையாவோடு நடக்கப் போனேன். குளிர் பல்செட் வரைக்கும் போனது. பாதிக் கடற்கரை வந்ததும், “அந்தச் சீப்புக் கதையை இன்னொருக்காச் சொல்லுங்கோ. அவ சொன்ன மாதிரியே, அவவின்ர சொல்லிலேயே சொல்லுங்கோ” என்று கேட்டேன். அந்த மனுசருக்கு மற்றவர்களைப் போலப் பேசிக்காட்ட நன்றாக வருகிறது. நின்று, ரதியைப் போலவே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ரதியின் வேகத்தில் சொன்னார்: “எங்கண்ணை வரிசைய விட்டிட்டுப் போனவர். எங்கண்ணை சீப்போட வந்தவர்.”

“கண்ணு எண்டவவோ, கண்ணை எண்டவவோ?” என்று கேட்டேன்.

“கண்ணைதான். உங்க ஊர்ல கண்ணுக்குக் கண்ணைன்னுதான சொல்வீங்க?”

கண்ணை இல்லை அத்தான். அண்ணை. எங்கட அண்ணை. அவள் அவசரத்தில் சொன்னால் ‘எங்கண்ணை’ என்றுதான் கேட்கும், நானே எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். முகாமில் அவளோடு இருந்தவர் நீங்கள். பிஸ்கட் ஒளித்தவன் நான். பல்செட்டுக்காரன் நான். சீப்போடு வந்தவர் நீங்கள்.

நான் நடக்காமல் நின்றதைப் பார்த்து வீரையா, “என்னா ஐயா, கால் வலியா?” என்று கேட்டார். “ஓம், கால்தான்” என்றேன். அவருக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. அந்த ஒரு மனுசராவது நான்தான் அவள் கண் என்று நம்பிக்கொண்டு இருக்கட்டும்.

ஆகவே மேலே எழுதியவற்றை வாசிக்காததாக எண்ணிக்கொள்ளவும். மயில் கலசம் வாங்கப்படமாட்டாது. உங்கள் பங்கு மறு அறிவித்தல் வரை நிறுத்தப்பட்டிருக்கிறது. தமையன் என்ற உரிமையில் நீங்கள் கோபிக்கலாம். என் வயிறு இப்போது எரிகிற எரிவில் அது எனக்கு உறைக்காது. நாங்கள் அங்கே இருந்த காலமெல்லாம் என்னோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டும் இதைப் பற்றி நீங்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

உண்மையாகவே பங்கு வேண்டுமென்றால் ஒன்று செய்யுங்கள். அந்த அமளிக்குள் எந்தக் கடை திறந்திருந்தது, சீப்பு என்ன நிறம், அதைக் கையில் கொடுத்தபோது ரதி என்ன சொன்னாள், அந்தச் சீப்பால் தலை இழுத்து முடித்தபிறகு எப்படி இருந்தாள், சிரித்தாளா, சின்ன வயதில் இன்னும் எதற்கெல்லாம் மூலையில் போயிருந்து அழுவாள், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் எழுதி அனுப்புங்கள். கடிதம் வந்தபிறகு கலசத்தின் மூடியைத் திருகிப் பார்க்கிறேன். எவ்வளவு தருவேன் என்பது, நீங்கள் எவ்வளவு எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.